ராஸ் ஊரின் பள்ளிவாசலும் கோதுமைக் காசோலையும்



அமெரிக்கா என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது நியூயார்க்கின் அடுக்கு மாளிகைகளே. அங்கே சென்று வந்த உறவினர்கள் காட்டும் புகைப்படங்களும் பெரும்பாலும் அத்தகையனவே. இந்த மாதம் உங்களை வேறொரு அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே மாளிகைகள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். அதன் நடுவே ஒரு சின்னஞ்சிறு பள்ளிவாசல்.

சிக்காகோ நகரில் பிற்பகலில் ‘எம்பயர் பில்டர்’ என்னும் ரயிலில் ஏறுங்கள். சியாட்டில் நகரம் வரை செல்லும் நெடுந்தூர வண்டி அது. இரவு முழுவதும் மினசோட்டா மாநிலத்தைக் கடந்து, மறுநாள் காலையில் வட டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரை அடையும். அதற்கு அடுத்த நிறுத்தம் ஸ்டேன்லி. அங்கே இறங்கிவிடுங்கள். ராஸ் என்னும் சிற்றூர் அங்கிருந்து மேற்கே சில மைல் தொலைவில் இரண்டாம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. ரயில் அந்த ஊரின் வழியாகத்தான் போகிறது, ஆனால் நிற்பதில்லை.

ஸ்டேன்லியும் ராஸும் அடங்கிய பகுதிக்கு மௌண்ட்ரெயில் கவுண்டி என்று பெயர். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட நிர்வாகப் பிரிவு. அதன் தலைமையூர் ஸ்டேன்லி. குளிர் காலத்தில் இங்கே வருவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இந்தக் கவுண்டியைச் சேர்ந்த பார்ஷல் என்னும் ஊரில் 1936 பிப்ரவரி 15ஆம் நாள் பாரன்ஹீட் கணக்கில் சுழியத்துக்குக் கீழே 60 பாகை, அதாவது மைனஸ் 51 செல்சியஸ் குளிர் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் இதே மாநிலத்தின் ஸ்டீல் என்னும் ஊரில் வெயில் 49 செல்சியஸைத் தாண்டியது. ஐந்தே மாத இடைவெளியில் இவ்விரண்டையும் கண்ட மண் இது.

இத்தகைய மண்ணுக்கு முஸ்லிம்கள் ஏன் வந்தார்கள்?

இந்த வழியாக ரயில் பாதை போடப்பட்டது 1887இல். ஆபிரகாம் லிங்கன் காலத்தில், 1862இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, ஒருவர் 160 ஏக்கர் நிலத்தில் குடிசை கட்டி ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டால் நிலம் அவருக்கே சொந்தம். சிறு கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். அந்தச் செய்தி கடல் கடந்து, அன்று உதுமானியப் பேரரசின் சிரியாவாக இருந்து இன்று லெபனானாக இருக்கும் நாட்டின் மலைக் கிராமங்களை எட்டியது. பிரே என்னும் கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் சில, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஸ் ஊரைச் சுற்றி நிலம் பிடித்தன. ஹசன் ஜுமா, மேரி ஜுமா தம்பதியர் அவர்களுள் முன்னோடிகள். முதலில் மூட்டை சுமந்து வீடு வீடாகத் துணிமணி விற்றவர்கள், பிறகு உழவர்களானார்கள். ஊர் ஊராகத் துணி மூட்டை சுமந்து வாணிபம் செய்த முன்னோர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு அல்லவா!

இந்த ‘இலவச’ நிலம் யாருடையதாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாண்டன், ஹிடாட்ஸா, அரிக்கரா ஆகிய பூர்வகுடியினர் நடமாடி வாழ்ந்த பூமி இது. அவர்களிடமிருந்து படிப்படியாகச் சுருக்கப்பட்டு, எஞ்சியது ஃபோர்ட் பெர்த்தோல்டு என்னும் ஒதுக்கீட்டு நிலம். அதன் ஒரு பகுதி இன்றும் இக்கவுண்டிக்குள் இருக்கிறது. ஆக, இந்த வட்டாரத்தில் அரசாங்கம் விவசாயிக்கு வழங்கிய முதல் மானியம் பணமன்று, நிலம். அதுவும் பிறரிடமிருந்து எடுத்த நிலம்.

இனிப் பள்ளிவாசலுக்கு வருவோம். சுமார் முப்பது ஆண்டுகள் அம்மக்கள் தம் வீடுகளிலேயே கூடித் தொழுது வந்தனர். 1929இல்தான் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார்கள். எழுப்பினார்கள் என்று சொல்வதுகூட முழுப் பொருத்தமன்று; பாதி தரைக்குள்ளும் பாதி தரைக்கு மேலுமாக, நிலவறை போன்ற கட்டடம் அது. அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்றாக வரலாற்று நூல்கள் அதனைக் குறிப்பிடுகின்றன. அயோவா மாநிலத்தின் புகழ்பெற்ற சீடர் ராப்பிட்ஸ் பள்ளிவாசல் அதற்கு ஐந்தாண்டுகள் பிந்தியது.

கட்டிய ஆண்டைக் கவனியுங்கள்: 1929. அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. முதல் உலகப் போர் முடிந்த வேளையில் ஒரு புஷல் கோதுமை, அதாவது சுமார் 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல் விலை போயிற்று. 1932இல் அதே புஷலின் சராசரி விலை 38 சென்ட். விதைத்த செலவுகூடத் திரும்பவில்லை. அதன்மேல் வறட்சி; மண்ணைச் சுழற்றி வானத்தை மறைத்த புழுதிப் புயல். 1933இல் இம்மாநில ஆளுநர் வில்லியம் லாங்கர், கடனுக்காகப் பண்ணைகளை ஏலம் விடுவதைத் தடுத்து ஆணையிட்டார்; மாநிலத்தை விட்டுக் கோதுமை வெளியேறுவதற்கும் தடை விதித்துப் பார்த்தார்.

அந்த ஆண்டு மே மாதம்தான் வாஷிங்டனில் விவசாயச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. இன்றுவரை தொடரும் மானியக் கதையின் தொடக்கம் அதுவே. சட்டம் கூறியது விந்தையான செய்தி: ‘குறைவாகப் பயிரிடு, பணம் தருகிறோம்.’ மாவு ஆலைகளிடமிருந்து புஷலுக்கு 30 சென்ட் வரி வாங்கி, அப்பணத்தை விதைப்பைக் குறைக்க ஒப்பந்தமிட்ட விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். யார் எவ்வளவு நிலத்தைத் தரிசாக விட்டார்கள் என்பதை அளந்து சான்றளித்தவர்கள் அதிகாரிகள் அல்லர். கவுண்டிதோறும் அமைந்த விவசாயிகளின் சங்கங்களே. 1934இல் மழை பொய்த்துப் பயிர் கருகியபோது, ஒப்பந்தமிட்டவருக்கு வயலில் ஒரு கதிர்கூட இல்லாவிடினும் காசோலை வந்தது. சமவெளியில் பல குடும்பங்கள் ஊரை விட்டு ஓடாமல் நின்றதற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம். அதனை எளிதில் இகழ எனக்கு மனம் வரவில்லை.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் அதே ஆண்டு வேறு சட்டம் வந்தது, 1938இல் இன்னொன்று. இந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணி நம் வாசகர்களுக்குச் சுவை தரும். வேளாண் அமைச்சராக இருந்த ஹென்றி வாலஸ், விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்துப் பஞ்ச ஆண்டுகளில் வெளியிடும் களஞ்சியத் திட்டத்தை அதில் புகுத்தினார். அதன் பெயரை அவர் எடுத்தது, சீன அறிஞர் ஒருவர் கன்பூசியஸின் பொருளியல் பற்றி எழுதிய நூலிலிருந்து. நமக்கோ நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களைப் பொறுப்பேற்று ஏழாண்டு விளைவை ஏழாண்டு வறட்சிக்குச் சேமித்த வரலாறு உடனே நினைவுக்கு வரும். கதிரோடு சேமிக்கச் சொன்ன அந்த நுட்பத்தை நம் தாய்மார்கள் சிறு பிள்ளைகளுக்குக் கூறக் கேட்டிருப்பீர்கள். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எகிப்துக் களஞ்சியம் பசித்து வந்தவனுக்காகத் திறந்தது. அமெரிக்கத் திட்டத்தில் முதற்கவலை விலை. பசி அதற்கு அடுத்ததே.

இப்போது நிகழ்வது என்ன? ஸ்டேன்லி ஊரில் மத்திய வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகம் இருக்கிறது. நம் ஊர் வேளாண்மை விரிவாக்க மையம் போன்று எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பாதுகாக்கப்படும் பதிவேடுகளில் ஒவ்வொரு பண்ணைக்கும் ‘அடிப்படை ஏக்கர்’ என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது என்பதைக் கொண்டு கணித்த எண் அது. மானியம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. இவ்வாண்டு வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து அன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் கோதுமைக்கு ஒரு புஷலுக்கு 5 டாலர் 50 சென்ட் என்று அளவுகோல் விலை வைத்தது. 2016ஆம் ஆண்டு விளைச்சலின் நாடளாவிய சராசரி விலை 3 டாலர் 89 சென்ட். குறைவு 1 டாலர் 61 சென்ட். அடிப்படை ஏக்கரில் நூற்றுக்கு 85 பங்குக்கு மட்டும் இந்தக் குறைவை அரசு ஈடு செய்யும். ஏக்கருக்கு 30 புஷல் என்று பதிவாகியிருந்தால், 1,000 ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கழிவுகள் நீங்கலாக 41,055 டாலர். 100 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 4,105 டாலர். கணக்கில் பிழையில்லை, ஏக்கருக்கு ஏக்கர் சமநீதிதான். ஆனால் விதை, இயந்திரம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்று இருவருக்கும் உள்ள கவலைகள் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்திலா இருக்கின்றன? பெரியவர் அந்தப் பணத்தோடு வங்கிக்குச் சென்று சிறியவரின் நிலத்தை விலை பேசுவார். மானியம் வரும் என்பதாலேயே நிலத்தின் விலையும் குத்தகையும் உயர்கின்றன. புதிதாக உழ வரும் இளைஞனுக்கு வாயிற்படியே மலையாகிவிடுகிறது. ஒருவர் பெறத்தக்க தொகைக்கு உச்சவரம்பு இல்லாமலில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஆளுக்கு 1,25,000 டாலர் என்று வைத்தது. 2025இல் அதையும் உயர்த்தினார்கள், அளவுகோல் விலையையும் உயர்த்தினார்கள். பண்ணையைக் கூட்டாண்மையாகப் பதிவு செய்து, பங்காளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, வரம்பையும் பெருக்கிக்கொள்ளும் வித்தை அறிந்தோர் அங்கே ஏராளம்.

பயிரிடாமல் இருப்பதற்குப் பணம் என்ற பழைய வழக்கமும் போய்விடவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மண் அரிக்கும் நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிட்டால் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு அரசு குத்தகைப் பணம் தரும். இதனால் மண் நின்றது. இச்சமவெளியின் குட்டைகளில் காட்டு வாத்துகள் பெருகின. இது நன்மையே. ஆனால் உழாத நிலத்துக்கு உரம் வேண்டாம், டீசல் வேண்டாம், அறுவடை ஆளும் வேண்டாம். உரிமையாளர் வெயில் காயும் தென்மாநிலம் ஒன்றில் வீடு வாங்கிக்கொண்டு, காசோலையைத் தபாலில் பெறலாம். உரக்கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு விடக்கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

நம் நாட்டுக்கும் இந்தக் கவுண்டிக்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்று உண்டு. மாநிலத்தின் இந்த வடமேற்கு மூலையில் கோதுமையோடு பட்டாணியும், நாம் மைசூர்ப் பருப்பு என்று கேட்டு வாங்கும் செம்பருப்பும் விளைகின்றன. 2017 நவம்பரில் இந்திய அரசு பட்டாணிக்கு நூற்றுக்கு 50 வீதமும், டிசம்பரில் செம்பருப்புக்கு 30 வீதமும் இறக்குமதி வரி விதித்தது. நம் விவசாயிகளைக் காக்க எடுத்த நடவடிக்கை அது, அவ்வகையில் நியாயமானதே. இங்கே டகோட்டாவில் அவற்றின் சந்தை சுருங்கியது. அடுத்த ஆண்டு சீனாவுடன் மூண்ட வணிகப் போரில் சோயா மொச்சையின் சந்தையும் அடைபட்டது. அமெரிக்க அரசு 2018இலும் 2019இலும் தனி நிவாரணம் அறிவித்தது. 2019இல் பட்டாணி, பருப்பு உள்ளிட்ட பயிர்களுக்குக் கவுண்டிதோறும் வெவ்வேறு வீதம் நிர்ணயித்தார்கள்: ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. ஒரே மழையில் நனைந்து ஒரே பயிரை விதைத்த இரு அண்டை வயல்காரர்கள், இடையில் கவுண்டி எல்லைக்கோடு ஓடுகிறது என்பதற்காக வெவ்வேறு தொகை பெற்றார்கள்.

இந்தத் திட்டங்களை ஊர்மட்டத்தில் மேற்பார்வை பார்ப்பது, விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு. அழகிய ஏற்பாடு. ஆனால் வாக்குப் பலமும் உறவுப் பலமும் உள்ளவர்களே குழுவில் அமர்வது உலக வழக்கம்; அங்கும் அப்படியே. வேளாண் துறையின் கடன்கள் தங்களுக்கு நியாயமாகக் கிடைக்கவில்லை என்று பூர்வகுடி விவசாயிகள் 1999இல் வழக்குத் தொடுத்தனர். வழக்கின் பெயரில் நிற்கும் கீப்சீகிள் தம்பதியர் இதே வட டகோட்டாவின் ஸ்டாண்டிங் ராக் பகுதியினர். பதினோரு ஆண்டுகள் போராடி, 2010இல் 68 கோடி டாலர் இழப்பீட்டுக்கு அரசை உடன்பட வைத்தார்கள். இந்தக் கவுண்டியின் பூர்வகுடிகள் அதற்கு முன்பே மற்றோர் அடி பட்டிருந்தார்கள். 1953இல் முடிந்த காரிசன் அணை, மிசௌரி ஆற்றங்கரையில் அவர்களுக்குச் சொந்தமான ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நீருக்குள் மூழ்கடித்தது. மேட்டில் அவர்களுக்கு அமைந்த ஊரின் பெயர் ‘புதிய ஊர்’ என்பதே. வேறு பெயர் வைக்கவும் எவருக்கும் மனம் இருந்திராது.

இனி, ராஸ் பள்ளிவாசல் என்ன ஆயிற்று? 1930இல் இக்கவுண்டியில் 13,500க்கும் அதிகமான மக்கள் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் அத்தொகை சுமார் 6,600. டிராக்டரும் கதிரறுக்கும் இயந்திரமும் ஆட்களின் வேலையைப் பறித்தன; சிறு பண்ணைகள் பெரியவற்றில் கலந்தன. மானியம் இதனைத் தடுக்கவில்லை. ஏக்கரை எண்ணிக் கொடுத்த பணம் ஏக்கரைக் காத்தது. ஆட்களை எண்ணி எவரும் கொடுக்கவில்லை. ஜமாஅத் என்பதோ ஏக்கர் அன்று, ஆட்கள். முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களை நோக்கிச் சென்றனர். எஞ்சியோர் அண்டை அயலாருடன் மணவுறவு கொண்டனர். பெயர்களும் ஆங்கில உச்சரிப்புக்குள் கரைந்தன. தொழ ஆளில்லாத பள்ளிவாசலை 1970களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். அருகிலிருந்த மையவாடி மட்டும் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல இயலவில்லை. விளைச்சலின் மீது நம் மார்க்கம் விதித்துள்ள உஷ்ரை எண்ணிப் பாருங்கள். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று. உழைத்தும் செலவிட்டும் நீர் இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 650 கிலோவுக்குக் குறைந்த விளைச்சலுக்குக் கடமையில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில் குறைந்த அளவென்ற வரம்பே இல்லை. ராஸ் வயல்கள் வானம் பார்த்த பூமி. ஆதலால் அங்கே பத்தில் ஒன்று. அதிகம் விளைந்தவர் அதிகம் கொடுக்கிறார். அது செல்வது தேவையுள்ள ஆட்களை நோக்கி. வாஷிங்டன் காசோலையோ அதிக நிலமுடையவரைத் தேடி வருகிறது. இரண்டும் ஒரே வயலின் வரப்பில் எதிரெதிராக நடந்து செல்கின்றன.

இதைச் சொல்லி நாம் பெருமை கொள்வதற்கில்லை. நம் காவிரிக் கரையில் நெல் வீட்டுக்கு வந்ததும் உஷ்ரைப் பிரித்து வைப்போர் எத்தனை பேர்? அரசு தரும் இலவச மின்சாரத்தில் பம்புசெட் ஓட்டி விளைவித்த நெல்லுக்குப் பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்று ஹஜ்ரத்திடம் கேட்டவர் எத்தனை பேர்? கேள்வியை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுகிறேன்.

பள்ளிவாசலின் கதை இடிபாட்டோடு முடியவில்லை. ஊரை விட்டுச் சென்ற குடும்பங்களின் முயற்சியால் 2005இல் அதே மையவாடியருகே ஒரு சிறிய பள்ளிவாசல் எழுந்தது. சதுர வடிவம், உச்சியில் ஒரு குவிமாடம், நான்கு மூலைகளிலும் சிறு மினாராக்கள். அடுத்த ஆண்டே இக்கவுண்டியின் பார்ஷல் பகுதியில் பெருமளவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. லாரிகள் இரவு பகலாக ஓடின. வெளியூர்த் தொழிலாளர்கள் கொட்டகைகளில் தங்கினர். மக்கள்தொகை ஏறி 2020இல் 9,800ஐ எட்டியது. நிலத்தடி உரிமையைக் கையில் வைத்திருந்த விவசாயிகளுக்கு எண்ணெய்ப் பங்கு கிடைத்தது. கோதுமைக் காசோலையும் நிற்கவில்லை. அது ஏக்கரைப் பார்க்கிறதே தவிர, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நீங்கள் அங்கே செல்ல வாய்த்தால் ஆகஸ்டில் செல்லுங்கள். அறுவடைக் காலம் அது. நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கப்பிச் சாலையில் சென்றால், பிறையும் நட்சத்திரமும் பொறித்த இரும்பு வளைவு உங்களை வரவேற்கும். உள்ளே, ஜபலில் பிறந்து டகோட்டாவில் அடங்கியவர்களின் கபர்கள். ஸலாம் சொல்லுங்கள், ஃபாத்திஹா ஓதுங்கள். உளூச் செய்யத் தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வேலிக்கு அப்பால் கோதுமை தொடங்கிவிடும். கதிரறுக்கும் இயந்திரம் ஒன்று தூரத்தில் புழுதி எழுப்பிக்கொண்டு போகும். அதன் உள்ளே ஒரே ஓர் ஆள் இருப்பார். தொழுகைக்கு நிற்கும்போது, மேற்கு நோக்கி நின்று பழகிய நம் கால்கள் தாமாகவே மேற்கே திரும்பும். அங்கே கிப்லா வடகிழக்கு.